சாம்சங் 870 கியூவிஓ 1 டெராபைட்: இடைச்சேமிப்பு (கேஷ்) தீர்ந்தபின் மிஞ்சும் வேகமும் கொடுத்த பணத்துக்கான மதிப்பும்

#1 | அளவுகோல்

நண்பர்களுக்கு வணக்கம். பழைய மடிக்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் குறைந்த செலவில் 1 டெராபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லு நினைவக வட்டு) போட நினைப்பவர்கள், 2020-இல் வெளிவந்த சாம்சங் 870 கியூவிஓவைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அவ்வப்போது துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, சோதித்த முறையையும் கண்டதையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெட்டியின் மேல் உள்ள எண்கள் படிப்பதற்கு விநாடிக்கு 560 மெகாபைட், எழுதுவதற்கு 530 மெகாபைட். இவை பொய்யல்ல. வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா 3 இணைப்பு விநாடிக்கு 6 ஜிகாபிட் கொண்டது. அதில் குறியீட்டுச் செலவு (8 பிட் தரவுக்கு 10 பிட் அனுப்புவது) போக மிஞ்சுவது 600 மெகாபைட். ஆகவே நல்ல சாட்டா எஸ்எஸ்டி எதுவாக இருந்தாலும் 550-ஐ ஒட்டித்தான் காட்டும். பெட்டியின் மேல் உள்ள எண்ணைக்கொண்டு இரண்டு சாட்டா எஸ்எஸ்டிகளைத் தரம் பிரிக்கவே முடியாது என்பதற்கும் அதுவே காரணம்.

உண்மையான வேறுபாடு உள்ளே இருக்கிறது. கியூவிஓவில் உள்ளது கியூஎல்சி வகை நினைவகம். ஒரு செல்லில் (நினைவகத்தின் மிகச் சிறிய அறை) 4 பிட் சேமிக்க 16 வெவ்வேறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதால் அதில் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவை மறைப்பதற்காக நினைவகத்தின் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரே பிட் என்ற எஸ்எல்சி முறையில் இயக்கி, வருகிற தரவை முதலில் அங்கே வாங்கிக்கொண்டு, பிறகு ஓய்வு கிடைக்கும்போது கியூஎல்சிக்கு நகர்த்துகிறார்கள். 1 டெராபைட் மாடலில் இந்தக் கேஷின் நிலையான பகுதி 6 ஜிகாபைட், காலியிடத்தைப் பொறுத்துக் கூடுதலாகக் கிடைப்பது 36 ஜிகாபைட் வரை, மொத்தம் 42. அது தீர்ந்துவிட்டால் எழுதும் வேகம் விநாடிக்கு 80 மெகாபைட் என்று நிறுவனத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. அடிக்குறிப்பில் சொல்கிறது என்பதால் பலர் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை நிறுவிய கையோடு ஓட்டினால் அது 1 ஜிகாபைட் அளவுள்ள கோப்பை எழுதிப் படிக்கும். அந்தக் கோப்பு 42 ஜிகாபைட் கேஷுக்குள் அடங்கிவிடும் என்பதால், நாம் அளப்பது கேஷைத்தானே ஒழிய வட்டை அல்ல. எனவே நான் செய்தது வேறு. வட்டை முழுவதுமாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தபின், சுருக்க முடியாத தரவைக் கேஷின் அளவைப்போல் பல மடங்கு, நிறுத்தாமல் எழுதி, விநாடிக்கு விநாடி வேகத்தைப் பதிவு செய்தேன். சுருக்க முடியாத தரவு என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: முன்பு சாண்ட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் கன்ட்ரோலர்கள் (எஸ்எஸ்டியின் உள்ளே வேலையை நடத்தும் சில்லுகள்) தரவைச் சுருக்கி எழுதியதால், வெறும் சுழியங்களை அனுப்பும் சோதனைகளில் அவை வானளாவிய எண்களைக் காட்டின. கியூவிஓ அப்படிச் சுருக்குவதில்லை. ஆனாலும் எல்லா வட்டுகளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால்தான் ஒப்பிட முடியும்.

விளைவு, விவரக்குறிப்பில் உள்ளபடியே அமைந்தது. ஏறத்தாழ 80 விநாடிகள் வரை வேகக் கோடு மேலே சமமாக ஓடுகிறது. பிறகு செங்குத்தாக விழுந்து 80 மெகாபைட்டை ஒட்டித் தரையோடு தரையாக நீள்கிறது. அடுத்து, வட்டை விளிம்புவரை நிரப்பிவிட்டு அதே சோதனையைச் செய்தால் 36 ஜிகாபைட் பகுதிக்கு இடமே இல்லாமற்போய் நிலையான 6 ஜிகாபைட் மட்டும் எஞ்சுவதால், பத்துப் பன்னிரண்டு விநாடிகளுக்குள்ளேயே அதே வீழ்ச்சி வந்துவிடுகிறது. சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டு மீண்டும் எழுதினால் வேகம் திரும்புகிறது. அதாவது ஓய்வு கிடைத்தால் வட்டு கேஷைக் காலி செய்துகொள்கிறது.

200 ஜிகாபைட் கோப்புத் தொகுப்பை வேகமான மூலத்திலிருந்து இதற்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 42 ஜிகாபைட் ஏறத்தாழ 80 விநாடியில் முடியும். மீதி 158 ஜிகாபைட்டுக்கு 33 நிமிடம் ஆகும். அதே வேலையை டிஎல்சி (செல்லுக்கு 3 பிட்) வகையான சாம்சங் 870 ஈவோவின் 1 டெராபைட் மாடல் ஆறேழு நிமிடத்தில் முடித்துவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இன்றைய மேசைக்கணினி ஹார்ட் டிஸ்க்கே தொடர்ந்து 150 மெகாபைட்டுக்கு மேல் எழுதும். பெரிய கோப்பை எழுதுவது என்ற ஒரே ஒரு துறையில் இந்த எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்கிடம் தோற்கிறது.

மதிப்பைப் பொறுத்தவரை என் கணிப்பு இது. கியூவிஓ 1 டெராபைட்டுக்கு உத்தரவாதம் 3 ஆண்டு, எழுதும் அளவின் வரம்பு 360 டெராபைட். ஈவோ 1 டெராபைட்டுக்கு 5 ஆண்டு, 600 டெராபைட். ஈவோவின் விலை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக இருக்குமானால் கியூவிஓவை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

#2 | பழுதுநீக்குநர்

அளவுகோல் ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. நான் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் யாரும் ஒரே மூச்சில் 200 ஜிகாபைட் எழுதுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது, பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் திறக்க வேண்டும், டாலியும் பிரவுசரும் தடங்கலின்றி ஓட வேண்டும், அவ்வளவே. அந்த வேலைக்குக் கியூவிஓவும் ஈவோவும் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாடிக்கையாளரின் கைப்பணத்தில் மிச்சமாகும் தொகைக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டுக் கொடுத்தால் அவருக்கு அதனால் கிடைக்கும் பயன் மிக அதிகம்.

#3 | அளவுகோல்

நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்கு அது சரியே, அதை எண்ணாலும் காட்டலாம். இயங்குதளம் திறக்கும்போதும் மென்பொருள் தொடங்கும்போதும் நடப்பது பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தரவைப் படிப்பதுதான். 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க்கில் தலைமுனை நகர்ந்து, தட்டு சுற்றி வந்து ஒரு துண்டை எடுக்கவே 12 மில்லிவிநாடி அளவுக்கு ஆகும். விநாடிக்கு எண்பது துண்டு எடுத்தால் பெரிது. 870 கியூவிஓவுக்கு, ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை என்ற நிலையில், நிறுவனம் குறிப்பிடுவது விநாடிக்கு 11,000 துண்டு. இந்தப் பாய்ச்சலைத்தான் உங்கள் வாடிக்கையாளர் உணர்கிறார்.

விவரக்குறிப்பில் வரும் 98,000 என்ற எண் 32 கோரிக்கைகளை வரிசையில் அடுக்கி வைத்து அளந்தது. வீட்டுக் கணினியில் அப்படி வரிசை சேருவது அரிது. ஆகவே கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கைத்தான் பார்ப்பேன் என்பவர்கள், மேலே பளிச்சென்று தெரியும் வரியை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள 4 கிலோபைட், வரிசை 1 என்ற வரியைப் பார்த்தால் போதும். அதில் நல்ல சாட்டா எஸ்எஸ்டிகள் 35 முதல் 45 மெகாபைட் வரை காட்டும்.

ஆனால் ரேமைப் பற்றிச் சொன்னீர்களே, அது விலை வேறுபாடு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. வேறுபாடு பெரிதாக இருந்தால் உங்கள் கட்சி. சிறிதாக இருந்தால் என் கட்சி.

#4 | வெண்திரை

திருமண நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் கேமராக்கள் 4கே காட்சியை விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்கின்றன. ஒரு மணி நேரக் காட்சி என்றால் 45 ஜிகாபைட். கியூவிஓவின் கேஷ் 42 என்பதைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. யாரோ எங்களை மனத்தில் வைத்தே அளவெடுத்ததுபோல் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவின் மெமரி கார்டிலிருந்து இறக்கும்போது வேகத்தை முடிவு செய்வது கார்டும்தான். யூஎச்எஸ்-1 வகைக் கார்டின் இணைப்பு, தரநிலைப்படி, விநாடிக்கு 104 மெகாபைட்டைத் தாண்டாது. நடைமுறையில் 90-ஐ ஒட்டி வரும். அங்கிருந்து எழுதும்போது கேஷ் தீர்ந்து 80-க்கு இறங்கினாலும் பெரிய நட்டமில்லை. அதைவிட வேகமான யூஎச்எஸ்-2 கார்டுக்கோ, சாட்டாவைவிட வேகமான இணைப்புள்ள என்விஎம்இ வட்டிலிருந்து மாற்றுவதற்கோ வந்தால் மட்டுமே கியூவிஓ கழுத்தை நெரிக்கும். இறக்கியபின் தொகுக்கும் வேலை பெரும்பாலும் படிப்பதுதான் என்பதால் அதில் குறையொன்றும் தெரியாது. முகூர்த்த நாளன்று இரவு மூன்று கேமராக் கார்டுகளை அடுத்தடுத்து இறக்கிவிட்டுத்தான் படுக்கப்போக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். மற்றவர்கள் காட்சிக் கிடங்காக வைத்துக்கொள்ளலாம்.

#5 | கருந்திரை

சோதனை முறையைப் பற்றிச் சில திருத்தங்களைச் சேர்க்க விரும்புகிறேன். லினக்ஸில் ஃபியோ என்ற கருவி இருக்கிறது. கொஞ்சம் முரட்டுத்தனமானது என்றாலும், என்ன அளக்கிறோம் என்பதை நம் கையிலேயே விட்டுவிடும் நேர்மை அதற்கு உண்டு.

முதலாவது, இயங்குதளத்தின் ரேம் இடையில் புகாமல் நேரடியாக வட்டுக்கு எழுதும்படி அமைக்க வேண்டும். விண்டோஸில் கோப்பை இழுத்துப் போட்டுவிட்டு, பச்சைக் கோட்டில் முதலில் வரும் மேட்டைப் பார்த்து மகிழ்பவர்கள், தங்கள் ரேமின் வேகத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். சாம்சங்கின் மெஜிஷியன் மென்பொருளில் 840 ஈவோ காலத்தில் வந்த ராபிட் மோட் என்ற வசதியும் இதைத்தான் செய்கிறது: ரேமின் ஒரு பகுதியை வட்டுக்குக் கேஷாக ஒதுக்குகிறது. அது இயங்கும் நிலையில் சோதித்தால் சாட்டா எல்லையையே மீறிய எண்கள் வரும். அப்படி ஒரு படத்தை யாராவது பெருமையாகப் பகிர்ந்தால், நம்பாமல் அந்த வசதி நிறுத்தப்பட்டிருந்ததா என்று கேளுங்கள்.

இரண்டாவது, படிக்கும் சோதனையை வெற்று வட்டில் செய்யக் கூடாது. எந்தத் தருக்க முகவரியில் எந்தத் தரவு இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி வைத்திருக்கிறது. ஒருபோதும் எழுதப்படாத முகவரியையோ டிரிம் செய்யப்பட்ட (அங்குள்ள தரவு இனி வேண்டாம் என்று இயங்குதளம் சொல்லிவிட்ட) முகவரியையோ படிக்கச் சொன்னால், அட்டவணையில் ஒன்றுமில்லை என்று கண்டதும் நினைவகத்தைத் தொடாமலேயே சுழியங்களைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த வேகம் ஒன்றுமில்லை என்று சொல்லும் வேகம். முதலில் வட்டு முழுவதும் ஒருமுறை எழுதி நிரப்பிவிட்டு, பிறகு படிக்க வேண்டும்.

மூன்றாவது, சிதறிய படிப்பைச் சோதிக்கும் பரப்பு சிறியதாக இருக்கக் கூடாது. கியூவிஓ 1 டெராபைட்டில் 1 ஜிகாபைட் டிரேம் (வட்டுக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) இருப்பதால் அட்டவணை முழுவதும் அதில் அடங்கும். எங்கே தொட்டாலும் ஏறத்தாழ ஒரே வேகம் கிடைக்கும். டிரேம் இல்லாத மலிவு சாட்டா வட்டுகளில் கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் அட்டவணையின் ஒரு துண்டு மட்டுமே நிற்கும். 1 ஜிகாபைட் பரப்பில் சோதித்தால் அந்தத் துண்டே போதுமானதாக இருந்து, வட்டு தேறிவிடும். சில நூறு ஜிகாபைட் பரப்பில் சோதித்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அட்டவணையையே முதலில் நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டியதாகி, சாயம் வெளுத்துவிடும். என்விஎம்இ வட்டுகள் கணினியின் ரேமில் சிறு பகுதியைக் கடன் வாங்கி இதைச் சமாளிக்கின்றன. சாட்டாவில் அந்த வழி கிடையாது.

கடைசியாக, சராசரியை மட்டும் பார்ப்பது போதாது. கேஷ் தீர்ந்த நிலையில் பின்னணியில் எழுதிக்கொண்டே சிறு கோப்புகளைப் படித்துப் பாருங்கள். கியூவிஓ தடுமாறுவது அங்கேதான். சராசரி ஓரளவுக்குப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு கோரிக்கைகள் மிக நீண்ட நேரம் காத்து நிற்கும். கணினி உறைந்துபோய் மீண்டது போன்ற அந்த எரிச்சலைச் சராசரி எண் காட்டாது. பழுதுநீக்குநர் ஐயா சொன்னது போல வாடிக்கையாளர் பெரிய கோப்பை எழுத மாட்டார்தான். ஆனால் நிரம்பிய வட்டில் ஒரு பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு வந்து இறங்கும்போது, 6 ஜிகாபைட் கேஷ் அவருக்குத் தெரியாமலேயே தீர்ந்துபோகும்.

#6 | நந்தன்_கல்லூரி

அண்ணன் அளவுகோல் அவர்களுக்கு வணக்கம். 360 டெராபைட் எழுதியதும் வட்டு செத்துவிடும் என்று என் நண்பன் பயமுறுத்துகிறான். ஒரு ரூபாய்க்கு எத்தனை டெராபைட் எழுதலாம் என்று வகுத்துப் பார்த்துத்தான் எஸ்எஸ்டி வாங்க வேண்டும் என்கிறான். ஈவோவின் விலை கியூவிஓவின் விலையைப்போல் 1.67 மடங்கு வரை இருந்தாலும் ஈவோவே லாபம் என்பது அவன் கணக்கு. இது சரிதானா?

#7 | நிதானி

தம்பி, கணக்கில் தவறில்லை. 600-ஐ 360-ஆல் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் அந்தக் கணக்கால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஒரு நாளைக்கு 20 ஜிகாபைட் எழுதுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 360 டெராபைட்டை எட்ட 18,000 நாள் வேண்டும். ஏறத்தாழ 49 ஆண்டு. அதற்குள் சாட்டா இணைப்பே காட்சியகத்துக்குப் போய்விடும். வற்றாத கிணற்றில் எத்தனை குடம் மிச்சம் என்று எண்ணிப் பார்த்து வீடு வாங்குவது போன்றது உங்கள் நண்பரின் முறை.

மேலும் 360 டெராபைட் என்பது உத்தரவாதத்தின் எல்லைதான். தி டெக் ரிப்போர்ட் என்ற இணையதளம் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளைச் சாகும்வரை எழுதிச் சோதித்தது. எல்லாம் 240 முதல் 256 ஜிகாபைட் வரையிலான வட்டுகள். ஆறுமே நூற்றுக்கணக்கான டெராபைட்டுகளைத் தாங்கின. கடைசிவரை நின்ற சாம்சங் 840 புரோ 2,400 டெராபைட்டைத் தொட்டது. அவை பெரும்பாலும் செல்லுக்கு 2 பிட் வகை என்பதால் அந்த எண்களை அப்படியே கியூஎல்சிக்குப் பொருத்த முடியாது. எனக்கு அந்தச் சோதனையில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. இன்டெல் 335 தன் எல்லையை எட்டியதும் எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தபோது வட்டையே காணவில்லை. எனவே எஸ்எஸ்டி சாகும் தறுவாயில் நம் தரவைப் படித்துக்கொள்ள அவகாசம் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். காப்பு நகல் எப்போதும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

ஆயுள் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் மொத்தம் எழுதப்பட்ட அளவை இன்று குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். உங்கள் பயன்பாடு உங்கள் கண்ணெதிரே வந்துவிடும். 3 ஆண்டா 5 ஆண்டா என்ற வேறுபாடுதான் பணத்துக்குப் பொருள் உள்ளது. எழுதித் தேய்ந்து சாவதைவிட, கன்ட்ரோலரோ வேறு பாகமோ திடீரென்று போய்ச் சாவதே வீட்டுப் பயன்பாட்டில் நடக்கக்கூடியது.

#8 | இடைக்காடர்77

இந்த உரையாடலில் ஒரு பெரிய கேள்வி விடுபட்டிருக்கிறது. மதர்போர்டில் எம்.2 இடம் (என்விஎம்இ வட்டைச் செருகும் இடம்) இருக்கிறவர்கள் எதற்காகச் சாட்டா கியூஎல்சியைப் பார்க்க வேண்டும்? டபிள்யூடி புளூ எஸ்என்550-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிரேம் இல்லாத, மலிவு வகை என்விஎம்இ. அதன் கேஷ் தீர்ந்தபின் வேகம் முதலில் 610 மெகாபைட்டாக இருந்தது. 2021-இல் உள்ளே இருந்த நினைவகத்தை நிறுவனம் மாற்றியபின் 390-ஆகக் குறைந்தது தெரியவந்து பெரிய சலசலப்பு எழுந்தது. குறைந்துபோன அந்த 390-கூடக் கியூவிஓவின் 80-ஐப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் படித்த திறனாய்வில் இருந்த வட்டுதான் உங்கள் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதே 2021-இல் குரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது, பெயர் மாறவில்லை. சாம்சங் 970 ஈவோ பிளஸ்ஸிலும் கன்ட்ரோலர் மாறியது. அதில் கேஷ் பெரிதாகி, தீர்ந்தபின் வேகம் குறைந்தது. ஆகவே திறனாய்வு எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அளவுகோல் சொன்ன நீண்ட எழுத்துச் சோதனையை நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள். 1 டெராபைட் வட்டை ஒருமுறை நிரப்புவதால் அதன் ஆயுளில் குறைவது 360-இல் 1 பங்குதான். பெயர் தெரியாத மலிவு வட்டுகளில் சொன்ன கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

#9 | பழுதுநீக்குநர்

எம்.2 இடம் இருக்கிறவர்கள் என் கடைக்கு வருவது குறைவு, ஐயா. என் மேசைக்கு வருபவை 2012, 2014 காலத்து மடிக்கணினிகள். அவற்றில் சாட்டாதான் போட முடியும். மற்றபடி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். கருந்திரை அவர்கள் டிரேம் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். பெயர் தெரியாத வட்டுகளைப் போட்டுக் கொடுத்து, ஆறு மாதத்தில் அதே வாடிக்கையாளர் முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றோடு ஒப்பிட்டால் கியூவிஓ மிக நல்ல வட்டு என்பதுதான் என் வாதம்.

#10 | ஏடகம்

பழைய ஆவணங்களைச் சேர்த்து வைப்பவன் என்ற முறையில் ஒரு சோதனையைச் சேர்க்கச் சொல்கிறேன். எல்லா பெஞ்ச்மார்க்குகளும் (வேகச் சோதனைகளும்) தாம் அந்த நொடியில் எழுதிய கோப்பையே படிக்கின்றன. பல மாதங்களாகத் தொடாமல் கிடக்கும் கோப்பை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. 2013-இல் வந்த சாம்சங் 840 ஈவோவில் இப்படித்தான் ஒரு குறை வெகுகாலம் ஒளிந்திருந்தது. புதிய கோப்புகள் முழு வேகத்தில் வரும். பழைய கோப்புகள் மட்டும் ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாக ஊர்ந்து வரும். செல்களில் இருந்த மின்னழுத்தம் மெல்ல நகர்ந்துவிட்டதால், கன்ட்ரோலர் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்த வேண்டியிருந்ததே காரணம். பயனர்கள் தங்கள் பழைய கோப்புகளைத் தாங்களே அளந்து வெளியிட்டபின் 2014 அக்டோபரில் ஒரு ஃபர்ம்வேர் (வட்டின் உள் மென்பொருள்) வந்தது. அதுவும் நிலைக்காமல், 2015 ஏப்ரலில், பழைய தரவை அவ்வப்போது தானே மீண்டும் எழுதிப் புதுப்பித்துக்கொள்ளும் இன்னொரு ஃபர்ம்வேர் வந்தது.

840 ஈவோவில் செல்லுக்கு 3 பிட், 8 நிலைகள். கியூவிஓவில் 16 நிலைகள். இடைவெளி இன்னும் நெருக்கம் என்பதால், கியூவிஓவைக் கிடங்காகப் பயன்படுத்துபவர்கள் ஓராண்டு பழைய கோப்புகளையும் நேற்றைய கோப்புகளையும் தனித்தனியே படித்து வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மின் இணைப்பே இல்லாமல் அலமாரியில் வைப்பதற்கு எந்த எஸ்எஸ்டியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையில் வீட்டு வகை எஸ்எஸ்டி, தன் எழுத்து வரம்பை முடித்தபின், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்றுதான் இருக்கிறது. புதிய வட்டு அதைவிட மிக நீண்ட காலம் தாங்கும். என்றாலும் நம் ஊர்க் கோடையில் பூட்டிய அறையின் வெப்பம் 30 பாகையில் நிற்பதில்லை.

#11 | நந்தன்_கல்லூரி

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது எம்.2 இடம் இல்லாத மேசைக் கணினி. இயங்குதளத்துக்கு ஏற்கெனவே 250 ஜிகாபைட் எஸ்எஸ்டி உண்டு. புதியதை விளையாட்டுகளுக்கும் பாடப் பதிவுகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். வீட்டு இணைய வேகம் 100 மெகாபிட். கியூவிஓவில் 1 டெராபைட் எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 2 டெராபைட் எடுப்பதா, அல்லது ஈவோவா என்பதுதான் குழப்பம்.

#12 | அளவுகோல்

தம்பி, உங்கள் பயன்பாடு கியூவிஓவுக்கு ஏற்றது. 100 மெகாபிட் இணையம் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், விளையாட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கியூவிஓவின் 80-ஐ அது நெருங்கவே நெருங்காது. கேஷ் தீரும் பேச்சே எழாது. பதிவிறக்கிய விளையாட்டைத் திறப்பது படிக்கும் வேலை. அதில் ஈவோவோடு வேறுபாடு தெரியாது. வேறொரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து 100 ஜிகாபைட் விளையாட்டை நகலெடுத்தால் மட்டும் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு டெராபைட்டைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 870 கியூவிஓவில் 1 டெராபைட்டும் 2 டெராபைட்டும் பெயரளவில்தான் ஒன்று. 2 டெராபைட்டில் கேஷ் 78 ஜிகாபைட் வரை கிடைக்கும், அது தீர்ந்தபின் வேகம் 160 மெகாபைட், எழுத்து வரம்பு 720 டெராபைட். உள்ளே ஒரே நேரத்தில் எழுதக்கூடிய சில்லுகள் அதிகம் என்பதே காரணம். 4 டெராபைட்டிலும் அதே 160-தான். ஆகவே அதற்குமேல் போவதால் வேகம் கூடாது. 4 டெராபைட் மாடலைச் சோதித்து எழுதிய திறனாய்வைப் படித்துவிட்டு 1 டெராபைட்டை வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். ஒரு டெராபைட் அளவே போதும் என்றால் முதலில் ஈவோவின் விலையைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குள் கூடுதல் என்றால் அதையே எடுங்கள், 5 ஆண்டு உத்தரவாதத்துக்காகவேனும். வேறுபாடு அதைவிடப் பெரிது என்றால் கியூவிஓ 1 டெராபைட் போதும். விளையாட்டுகள் பெருகும் என்று தெரிந்தால், பணம் சேரும்வரை பொறுத்திருந்து 2 டெராபைட் கியூவிஓ வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஒரு நல்ல பகுதியைக் காலியாகவே விட்டு வையுங்கள். கேஷின் கூடுதல் பகுதிக்கு இடம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏடகம் ஐயா கேட்ட பழைய கோப்புச் சோதனைக்காக, எழுதிய தேதியைப் பெயரிலேயே குறித்த சில பெரிய கோப்புகளை என் வட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஓராண்டு ஆனதும் படித்துப் பார்த்து, எண்களை இதே இழையில் இடுகிறேன்.